பாரதியாரும் பதினேழு அசைப் பாட்டும்

பாரதியார் சரித்திரம் எழுதப் புகுவோர் பலரும் அவர்தம் தேசபக்தியையே முதலும் முடிவுமாகக் கொண்டு எழுதுகின்றனர். அஃது இயல்பே. விடுதலைப் போர் நிகழ்ந்த காலத்தில் அவர் பாட்டே படைக்கலமாக நின்றமையின், பாடியவரையும் உலகம் படைவீரராகவே நினைவிற் கொண்டது. ஆயினும் அவருக்கு மற்றொரு வாழ்க்கையும் உண்டு. அது காற்று, மழை, கடல், குயில், குருவி, காக்கை என்னும் இவற்றோடு பழகிய வாழ்க்கை. இயற்கையினுள் நின்று இடையறாது ஆக்கியும் அழித்தும் மாற்றியும் வரும் ஆற்றலைச் சக்தி எனப் பெயரிட்டு அவர் போற்றினார். ஜப்பானியரின் குறும்பாடலாகிய ஹைக்கூவைத் தமிழ் மக்களுக்கு அறிவித்த முன்னோடியும் அவரே. இவ்விரண்டு செய்திகளுக்கும் உள்ள தொடர்பைக் கைவிளக்காகக் கொண்டு அவர் வரலாற்றைச் சிறிது கூறுதல் எமது கருத்து. அரசியற் பகுதி யாவரும் அறிந்ததாகலின் அதனை விரைந்து கடப்போம்.

சுப்பிரமணியன் என்னும் இயற்பெயருடைய அவர் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலக்குமி அம்மாள். ஐந்தாம் வயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் வேட்கை மிக்கவர். மகனும் அவ்வழியே செல்லவேண்டும் என்பது அவர் விருப்பம். ஒத்த வயதுச் சிறுவர்கள் மரமேறியும் ஓடியும் ஆடியும் திரிந்த நாட்களில், தந்தையின் ஆணைக்கு அஞ்சித் தனித்திருந்து ஏடு பயின்ற தம் நிலையைப் பாரதியார் பிற்காலத்தில் தம் சுயசரிதைப் பாட்டில் ஏக்கத்தோடு குறித்துள்ளார். எட்டயபுரம் கரிசல் நிலம். பருத்தி விளையும் பூமி. பருத்தியை நம்பி ஐயர் அவ்வூரில் ஓர் ஆலையை நிறுவினார். கோவை நாட்டில் பிறந்த நமக்குப் பருத்தியாலையின் ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. ஐயரின் ஆலை நொடித்தது, பொருள் அழிந்தது, 1898-இல் அவரும் மனமுடைந்து மாண்டார். மரமேறாத சிறுவனுக்கு எஞ்சியவை தமிழும், 11 வயதில் எட்டயபுரத்துப் புலவரவையில் பெற்ற பாரதி என்னும் பட்டமுமே.

அதன்பின் அத்தையார் குப்பம்மாளின் ஆதரவில் காசி சென்றார். அங்கு மிஷன் கல்லூரியிற் பயின்று அலகாபாத் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தேறினார் என்பது மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்குச் சிறிது பெருமை தரும் செய்தி. 1902-இல் எட்டயபுரம் மீண்டு, ஜமீன்தாரின் அவையில் ஏறத்தாழ ஈராண்டு இருந்தார். அந்நாட்களில் ஆங்கிலப் புலவனாகிய ஷெல்லியின் நூல்களில் ஆழ்ந்து, ஷெல்லிதாசன் எனத் தமக்கே ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டார். மேல்காற்றையும் வானம்பாடியையும் பாடியவன் ஷெல்லி. இயற்கையின் வேகத்தைப் பாடும் வழக்கம் முதலில் நூல்வழியாகவே பாரதியாரை அடைந்தது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். காற்றைக் கண்ணாரக் காணும் காலம் பின்னரே வந்தது.

1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில திங்கள் தமிழாசிரியராயிருந்து, அவ்வாண்டிறுதியிற் சென்னை சென்று சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். 1906-இல் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை தோன்றிற்று. 1908-இல் அதன்மேல் அரசாங்கத்தின் கண் விழவே, நண்பர்கள் வற்புறுத்தப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் வ. உ. சிதம்பரம் பிள்ளை நம் கோயம்புத்தூர்ச் சிறையில் அடைக்கப்பெற்றுச் செக்கிழுத்தார். ஒருவர் சிறைக்குள்ளும் மற்றவர் சிறைக்கு வெளியேயும் இருந்தனர் எனினும், பாரதியாரும் தம் விருப்பப்படி எங்கும் செல்லக்கூடியவராக இல்லை. புதுச்சேரியின் எல்லையைக் கடந்தாற் பிடிபடுவார். உள்ளே இருந்தாலோ ஒற்றர் பின்தொடர்வர். 1910-இல் இந்தியா பத்திரிகையும் நின்றது. கைக்கு வருவாய் இல்லை. மனைவி செல்லம்மாளும் பெண்மக்கள் இருவரும் உடனிருந்தனர்.

சிறிய ஊர், கடற்கரை, தென்னந்தோப்பு, நண்பர் கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோட்டம். பத்தாண்டுக் காலம் அவர் உலகம் இவ்வளவே. மேடைகளும் ஊர்வலங்களும் இல்லாத அவ்வாழ்க்கையில், முன்பு ஷெல்லியின் ஏட்டில் வேகமாக இருந்த காற்று, இப்போது வீட்டு மாடியில் தொங்கும் கயிற்றை அசைக்கும் காற்றாயிற்று. குயிற்பாட்டு அம்மாந்தோட்டத்திலிருந்தே பிறந்தது. சமையலுக்கென மனைவியார் வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு அவற்றின் களிப்பைக் கண்டு நின்றார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. அதனைக் கேட்டு நகைப்போர் உளர், வியப்போர் உளர். அன்று உலை வைக்கவேண்டியிருந்த செல்லம்மாளின் நிலையை எண்ணுவோர் சிலரே. அவ்வம்மையாரின் பொறுமையின்றேல் பாரதியாரின் குருவிகள் தமிழிலக்கியத்துட் புகுந்திரா என்பது எம் எண்ணம்.

அக்காலத்து அவர் எழுதிய வசன கவிதைகளுக்குக் காட்சி எனப் பெயர். ஞாயிறு, சக்தி, காற்று, கடல் என்று அவற்றின் பகுதிகள் அமைந்துள்ளன. வேதகாலத்து இருடிகள் கதிரவனையும் காற்றையும் நேர்நின்று விளித்த முறையிலே, யாப்பின் கட்டின்றி இயற்கையை விளித்துப் பேசுவன அவை. அவற்றுள் காற்றைப் பற்றிய பகுதி தனிச்சிறப்புடையது. மாடியில் ஓர் ஓலைப்பந்தல். மூங்கிற்கழியிற் கட்டியது போக எஞ்சித் தொங்கும் கயிறு ஒன்று. அருகே சற்றுக் குட்டையான மற்றொன்று. ஒன்றிற்குக் கந்தன் என்றும் மற்றதற்கு வள்ளியம்மை என்றும் பெயரிட்டு, காற்று வீச அவ்விரண்டும் காதலராய் விளையாடுவதைக் கண்டு உரையாடுகிறார் புலவர். கயிற்றை யார் பாடுவார்? மலர், நிலவு, மயில் என்பனவே கவிதைக்குரிய பொருள் என்றிருந்த காலம் அது. வீசி எறிய மறந்த கயிற்றுத் துண்டிலும் உலகை இயக்கும் ஆற்றலே ஆடுகிறது எனக் கண்டமை பெரும் புதுமை.

நிற்க. 1916-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை என்னும் சிறு கட்டுரை ஒன்றை அவர் எழுதினார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த மாடர்ன் ரிவியூவில் யோனே நோகுச்சி என்னும் ஜப்பானியப் புலவர் வரைந்திருந்ததைக் கண்டு எழுந்தது அக்கட்டுரை. மேனாட்டார் கவிதையிற் சொற்பெருக்கு மிகுதி. கீழ்த்திசையில், சிறப்பாக ஜப்பானில், சொல்லாது விடுவதே கவிஞன் திறம் என்பது நோகுச்சியின் கொள்கை. அவ்வாண்டிலேயே இரவீந்திரநாத் தாகூரும் ஜப்பானிற் பயணஞ் செய்தார் என்பதும் ஒப்புநோக்கத் தக்கது. கீழ்நாட்டினர் ஒருவரையொருவர் நேரே அறியத் தொடங்கிய காலம் அது.

இன்று ஹைக்கூ எனப்படுவது அக்காலத்தில் ஹொக்கு என வழங்கிற்று. பலர் கூடித் தொடுக்கும் நீண்ட பாமாலையின் முதற்பாட்டே ஹொக்கு. அதனைத் தனிப்பாட்டாகப் பிரித்து ஹைக்கூ எனப் பெயரிட்டவர் மசாஓகா ஷிகி. ஐந்து, ஏழு, ஐந்து என நின்று மொத்தம் 17 ஒலியளவு கொண்டது அப்பாட்டு. இவ்வொலியளவை அசை எனத் தமிழிற் கூறுவது ஒருவாறு பொருந்துமேயன்றி முற்றும் பொருந்தாது. நம் இலக்கணத்து நேரும் நிரையும் வேறு. ஜப்பானியரின் அலகு வேறு. ஆகவே விரல்விட்டு எண்ணி 17 அசையைத் தமிழிற் கொண்டுவருவதால் மட்டும் ஹைக்கூ ஆகிவிடாது. பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று அதில் இருத்தல் மரபு. தொல்காப்பியம் பயின்றோர் இதனை உடனே உணர்வர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற பெரும்பொழுதும், புள்ளும் மரமும் பூவுமாகிய கருப்பொருளும் இன்றி நம் அகப்பாட்டு நடவாதன்றோ?

ஹொக்குவை உயர்நிலைக்குக் கொணர்ந்தவர் மட்சுவோ பாஷோ. அவர் 1644-இல் பிறந்து 1694-இல் மறைந்தார். ஊர்தோறும் நடந்தே திரிந்த துறவு மனத்தினர். அவர் தம் பயணக் குறிப்பு ஒன்றில், கலைஞன் ஸோகாவைப் பின்பற்றி ஸோகாவினிடமே மீளவேண்டும் என்னும் கருத்தை வைத்துள்ளார். ஸோகா என்பது ஆக்கலும் மாற்றலுமாகிய இயற்கையின் படைப்பாற்றல்; சீனத்து ஞானியாகிய சுவாங்ட்சுவின் வழியாக ஜப்பானை அடைந்த கருத்து அது. இயற்கை என்பது கண்முன் விரிந்த மலையும் நீரும் மட்டுமன்று. மொட்டை மலராக்கி, மலரைச் சருகாக்கி, சருகை மீட்டும் மண்ணாக்கும் செயலே இயற்கை. புலவன் அச்செயலுக்கு வெளியே நின்று அழகு பாராட்டுபவன் அல்லன். அச்செயலின் ஒரு கூறாகவே நின்று பாடுபவன். பாரதியார் சக்தி என்றதற்கும் பாஷோ ஸோகா என்றதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது தாயாக நின்று அழைப்பார்க்கு முகங்கொடுப்பது, பின்னதற்கு முகமில்லை. எனினும் இயற்கையைப் பெயர்ச்சொல்லாகக் காணாமல் வினைச்சொல்லாகக் கண்டதில் இருவரும் ஒருவரே.

பாரதியார் தம் கட்டுரையிற் பாஷோவின் வறுமையையும் மனநிறைவையும் குறித்து எழுதினார். அன்பர் அளித்த பொன்னைப் பெற்றதால் மனத்திற் கவலை புகுந்ததெனக் கண்டு அதனைத் திருப்பிக் கொடுத்தவர் பாஷோ. அவர் மாணாக்கராகிய ஹொகுஷியின் செய்தியும் அதிலுண்டு. ஹொகுஷியின் வீடு தீப்பற்றி எரிந்தபோது, அவர் இழப்பைச் சொல்லிப் புலம்பாது, மலர்கள் உதிர்கையில் காட்டும் அமைதியைக் கண்டு ஒரு ஹொக்கு இயற்றினார். வீடின்றி நின்றவன் வீட்டைப் பேசாது மலரைப் பேசியதை, கையிற் பொருளின்றி வாடகை வீட்டில் இருந்த தமிழ்ப் புலவர் எவ்வாறு படித்திருப்பார்!

ஆயினும் அவர் அதனை அப்படியே தலைமேற் கொண்டாடவில்லை. சுருங்கச் சொல்லல் நமக்குப் புதிதன்று எனக் கூறித் திருக்குறளை நினைவூட்டினார். கவிதை முழுதும் ஒரேயடியாகச் சுருங்கிவிடுதல் நன்றன்று என்றும், ஜப்பானியரும் ஹொக்கு ஒன்றையே பாடுபவர் அல்லர் என்றும் நடுநிலை பிறழாது எழுதினார். அவர் ஹொக்கு வடிவில் யாதும் பாடவும் இல்லை. இதனை ஒரு குறையாகக் கூறுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெருவெள்ளம் போன்ற நடையுடையார் ஒருவர், பிறர் கலத்தின் சிறுமையிலுள்ள அருமையை உணர்ந்து, அதனைத் தம் நாட்டார்க்கு எடுத்துக் காட்டிவிட்டுத் தம் வழியே சென்றது அறிவுடைமையே.

அக்கட்டுரை வெளிவந்து ஒரு திங்கள் கழிந்தது. நள வருடம் கார்த்திகை 8-ஆம் நாள், அஃதாவது 1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு புதுச்சேரியைப் பெரும்புயல் தாக்கிற்று. இலக்கியத்தில் ஹொகுஷிக்கு நேர்ந்ததாகப் படித்ததை வாழ்க்கையில் நேர்ந்து பார்க்கும் வேளை அதுவாயிற்று. புயற்காற்று என்னும் பாட்டு அவ்விரவைக் கூறுவது. கணவனும் மனைவியும் உரையாடும் முறையில் அமைந்தது. மனைவி காற்றின் சீற்றத்தைக் கண்டு நடுங்குகிறாள். கணவனோ, தாம் முன்னாள்வரை குடியிருந்த வீட்டை எண்ணுகிறான்; இந்நேரம் அவ்வீட்டில் இருந்திருப்பின் என்னாகியிருப்போம் என நினைந்து, தப்பியது தெய்வ அருளே எனத் தேறுகிறான். ஹொகுஷியின் அமைதி இங்கில்லை. இங்குள்ளது அச்சமும் நன்றியும். இரவெல்லாம் கதவு அதிர, குழந்தைகளோடு விழித்திருக்கும் குடும்பத் தலைவனிடம் உதிரும் மலரின் அமைதியை எதிர்பார்த்தல் தகுமா?

ஆனால் அத்தோடு முடியவில்லை. புயல் ஓய்ந்தபின் பாரதியார் பாடியது பிழைத்த தென்னந்தோப்பு. பரந்த வெளியில் எண்ணிறந்த மரங்கள் வீழ்ந்து கிடக்கின்றன. அவற்றிடையே சிறியதொரு தோப்பு மட்டும் வீழாது நிற்கிறது. வீழ்ந்தவற்றை எண்ணிக் கணக்கிடுவது பத்திரிகையாளன் கடமை, பாரதியாரும் பத்திரிகையாளரே. அவர் கண்ணோ நின்றதன்மேற் சென்றது. அழித்த காற்றே ஒன்றை அழியாது விட்டும் சென்றிருக்கிறது. அழித்தலும் காத்தலும் ஒரே வீச்சின் இரு பக்கம் என்பதை விரித்துரைக்காமல், நின்ற தோப்பைச் சுட்டி அவர் காட்டினார். வடிவால் அது ஹொக்கு அன்று. நோக்கால் தமிழில் ஹொக்குவுக்கு மிக நெருங்கி நிற்பது அப்பாட்டே என்போம்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, கடலூரருகே சிறைப்பட்டு, டிசம்பரில் விடுதலை பெற்றார். கடையத்தில் ஈராண்டளவு வறுமையோடு வாழ்ந்து, 1920 இறுதியிற் சென்னை சேர்ந்து மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்தார். 1921-இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி வீழ்த்திற்று. அவர் நாளும் உணவளித்துப் பழகிய யானை அது. உயிர்களை அஞ்சாது அணுகிய அன்பினர்க்கு அவ்வன்பே இடுக்கண் ஆயிற்று. காயம் ஆறி எழுந்தாராயினும் உடல் தளர்ந்தது.

அத்தளர்ச்சியோடே அவர் நம் கொங்கு நாட்டிற்கு வந்தார். ஈரோட்டையடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலையின் ஆண்டு விழாவிற்கு வழக்கறிஞர் தங்கப்பெருமாள் பிள்ளை அழைக்க, 1921 ஜூலை இறுதியில் அங்கு சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். மறுநாள் ஈரோட்டில் இந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு. கருங்கல்பாளையம் காவிரிக் கரையிலுள்ளது. ஆடிமாதம், பெருக்கு நாளுக்கு இரண்டொரு நாளே இருந்தது. மரணமில்லை எனப் பேசிய நாவுக்கு அதன்பின் ஆறு வாரமே எஞ்சியிருந்தன. பயணத்தைப் பற்றி அவரே சுதேசமித்திரனில் எழுதி வெளியிட்டார். செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, 12-ஆம் நாள் பிறந்த சிறிது நேரத்தில், திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. அகவை 39 நிரம்பவில்லை. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டிற்கு உடன் சென்றோர் மிகச் சிலரே.

அவர் சுட்டிய பாட்டு வடிவம் தமிழில் வேர்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1971-இல் கோயம்புத்தூரில் வானம்பாடி இயக்கம் எழுந்து புதுக்கவிதையைப் பரப்பியது. 1984-இல் அமுதபாரதியின் புள்ளிப் பூக்கள் வெளிவந்தது. தமிழில் ஹைக்கூவுக்கென அமைந்த முதற்றொகுதி அது. அதன்பின் தொகுதிகள் பெருகின. அவற்றுட் பல சமூகக் கேடுகளை எள்ளி நகையாடுவன. மூன்றாம் அடியில் ஒரு திருப்பம் வைத்துக் குத்துவன. எள்ளலும் வேண்டுவதே, ஆனால் ஜப்பானியர் அத்தகையவற்றைச் சென்ரியு எனத் தனிப்பெயரிட்டுப் பிரித்து வைத்துள்ளனர். பருவமும் காற்றும் நீரும் செயற்படும் ஹைக்கூக்கள் நம்மிடையே எண்ணிக்கையிற் குறைவு. படித்து மறக்கமுடியாதவை எனின் அவையே முன்வந்து நிற்கின்றன. மூன்று வரியாதலின் எளிது என எண்ணிப் புகுவோர் வரியை எண்ணுகின்றனர், காற்றைக் கண்டாரல்லர்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. எம் ஊராகிய துடியலூருக்கு வடமேற்கே குருடிமலை நிற்கிறது. அங்குத் தோன்றும் கௌசிகா நதி ஆண்டிற் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, மழை நாளில் தான் ஆறென்பதை நினைவூட்டும். ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து ஆவணிவரை ஓயாது வீசும். அக்காலத்து எம் கல்லூரி விடுதி மாடியில் துணி உலர்த்தக் கட்டிய கொடி இரண்டு உண்டு. ஒன்று முடிச்சவிழ்ந்து ஒருபுறம் தொங்கும். காற்று சற்றே திரும்பினால் அது மற்றதன்மேற் சென்று சுற்றிக்கொள்ளும். பின் தானே அவிழும். அதற்கு எவரும் இன்னும் பெயரிடவில்லை.